துண்டு வாக்கியம்

சனிக்கிழமை சாப்பாட்டு நேரத்தில் இருபது நிமிஷம் வெட்டி
கம்பெனி எங்களுக்கு இங்கிலீஷ் சொல்லித் தருகிறது.
மகாதேவபுரா யூனிட், மூன்றாவது மாடி,
கட்டிங் மேசைமேலேயே நோட்டு.
முடித்தால் சர்டிபிகேட். சம்பளம் அதே.

பெயர்ச்சொல் எனக்குப் பாடமே இல்லை.
காலர், கஃப், பாபின், பட்டன், டார்கெட், ஃபைன்:
பதினோரு வருஷமாக வாய் நிறைய அதுதான்,
இங்கிலீஷ் என்று யாரும் சொல்லவில்லை, அவ்வளவுதான்.
வினைச்சொல்லையும் தாண்டிவிட்டேன்.
தடுக்கியது ‘இஸ்’ஸில்.

இது சட்டை. இவள் ரோஸ்மேரி. நான் கனகவல்லி.
மூன்றுக்கும் நடுவில் ஒன்று குறைகிறதாம்.
தமிழில் தேடிப் பார்த்தேன், குறையைக் காணோம்.
ஷெரில் மிஸ் போர்டில் இஸ், இஸ், ஆம் என்று செருகினார்.
காலருக்குள் வைக்கிற கேன்வாஸ் என்று எடுத்துக்கொண்டேன்.
தனியாக அதற்கு வேலையில்லை,
எடுத்துவிட்டால் காலர் தொங்கிவிடும்.

வியப்பிடைச்சொல்லுக்கு உதாரணம், ‘அலாஸ்’.
போன வாரம் சுகந்தியின் விரலில் ஊசி இறங்கியபோது
ஒருத்திக்கும் அது வாயில் வரவில்லை.

மழைக்கு வந்தபோதுதான் சண்டை.
இட் இஸ் ரெய்னிங். யார் மிஸ் அந்த இட்?
யாருமில்லை, ஆனால் இருந்தாக வேண்டும்,
எழுவாய் இல்லாமல் வாக்கியம் நிற்காது என்றார்.
எங்கள் ரெஜிஸ்டரிலும் அப்படி நாலு பேர் உண்டு,
ஆள் கிடையாது, மாசம் பிறந்தால் சம்பளம் போகும்.
நாங்கள் சிரித்தோம்.
மிஸ் மணி பார்த்தார்.

வீட்டுப்பாடம்: சொந்தமாக ஐந்து முழு வாக்கியம்.
என் நாலு சரி. ஐந்தாவதைச் சுற்றிச் சிவப்பு வட்டம்.
‘டச்டு மை ஷோல்டர்.’
இது துண்டு, வாக்கியம் இல்லை,
யார் தொட்டது என்று ஓரத்தில் ஒரு கேள்விக்குறி.
அவருக்கு அது இலக்கணக் கேள்வி.

‘தொட்டான்’ என்றால் தமிழில் முழுசு.
எங்கள் வினைச்சொல்லுக்கு வாலிலேயே ஆள் உண்டு.
பிடித்து இழுத்தால் ஆம்பளை என்று வரும்,
பெயர் வராது.
அந்த ‘ஆன்’ விகுதிக்குள் ஆறு வருஷமாக ஒருவனை
நாங்களே ஒளித்துவைத்திருக்கிறோம்.
வந்துட்டான்.
இன்னைக்கு ஏழாவது லைன்ல நிக்கிறான்.
புதுப் பொண்ணுகிட்ட சொல்லிடு, ஓரத்து மெஷின் வேணாம்னு.
எழுவாய் இல்லாமலே எல்லாருக்கும் விளங்கியது.
விளங்கியதாலேயே ஒருத்தரும் சொல்லவில்லை.

‘ஹீ’ போதுமா மிஸ்?
போதாது. ஹீ வருமுன்னே பெயர் வந்திருக்கணும்.

மாடிப்படியில் புகார்ப் பெட்டி இருக்கிறது.
இங்கிலீஷில் இருந்தால்தான் மேலே படிப்பார்களாம்.

கிருஷ்ணராஜபுரத்தில் சாயங்கால வண்டி.
அவனும் மாரிக்குப்பம்தான், இரண்டு பெட்டி தள்ளி ஏறினான்.
மடியில் நோட்டு, குலுக்கலில் கோடு தாண்டும் எழுத்து.
பெயரின் முதலெழுத்தைப் பெரிசாகத்தான் எழுதணும்,
அவனுக்கும் அந்த மரியாதை உண்டாம்.
தனசேகர்.
அடுத்தது வினை. தொட்டதா, தொடுகிறதா?
தினமும் என்றால் நிகழ்காலம்,
ஒரே ஆள் என்றால் கடைசியில் ஒரு எஸ்.
எப்போதும் அதைத்தான் விட்டுவிடுவேன்.
இன்று விடவில்லை.
‘மீ’ என்று எழுதினேன்.
எதிரே ரோஸ்மேரி கம்பியில் தலை சாய்த்துத் தூங்குகிறாள்.
பக்கத்தில் சுகந்தி, கட்டுப்போட்ட விரலை
அடுத்தவர் பை இடிக்காமல் தூக்கிப் பிடித்திருக்கிறாள்.
‘மீ’யை அடித்துவிட்டு, ‘அஸ்’.

புள்ளி மட்டும் பாக்கி.
ஒயிட்ஃபீல்டில் வண்டி நிற்கட்டும்,
ஆடாமல் வைக்கணும் அதை.